பழைய கண்ணாடித் தகடுகளில் மாறு விண்மீன் தேடுவது: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார், பட்டா, மார்க் ஷீட் நகல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. கூட்டம் இல்லாத நேரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் மேகம் ரோட்டுக்கே இறங்கி எதிர்க்கடை போர்டுகூடத் தெரியாமல் போகிற நாட்களில், கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியான இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதைப் பார்க்கிறவர்கள் கேட்காமல் விடுவதில்லை. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணே, அது என்ன எக்ஸ்ரே மாதிரி?

வானத்தின் நெகட்டிவ். வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு. வெள்ளைத் தாளில் மை தெளித்த மாதிரி இருப்பதால் மங்கலான புள்ளியும் கண்ணில் படும், அதனால் நெகட்டிவாகவே வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது திரையில் இருப்பது அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் எடுத்தது. அங்கே 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது, வானத்தின் அகலமான பரப்பை ஒரே படத்தில் அடக்குகிற வகை. 1949 முதல் 1958 வரை அதை வைத்து வட வானம் முழுவதையும், தெற்கிலும் ஒரு பகுதியையும் துண்டு துண்டாகப் படம் எடுத்தார்கள். ஃபிலிம் சுருள் கிடையாது, 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தகடு. ஒரு தகட்டில் வானத்தில் ஆறரை டிகிரி அகலம் அடங்கும். முழு நிலவு அரை டிகிரி, அதனால் பதின்மூன்று நிலவை வரிசையாக அடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1980களிலும் 90களிலும் இன்னும் நல்ல பூச்சுள்ள தகடுகளில் அதே தொலைநோக்கி மறுபடியும் ஒரு சுற்று எடுத்தது. தெற்கு வானத்துக்கு ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் யூகே ஷ்மிட் என்று இதேபோல ஒன்று, 1973 முதல். இந்தத் தகடுகளையெல்லாம் பிறகு ஸ்கேன் செய்து டிஎஸ்எஸ் என்ற பெயரில் பொதுவில் வைத்துவிட்டார்கள். நீங்களும் பார்க்கலாம், காசு கிடையாது.

மாறு விண்மீன் என்றால் மின்னுவதா?

இல்லை. மின்னுவது நம் காற்றின் வேலை. இது நட்சத்திரமே பிரகாசம் கூடிக் குறைவது. அதிலும் நான் தேடுவது நெடுங்கால மாறு விண்மீன்கள், ஒரு தரம் ஏறி இறங்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறவை.

இந்த வகைக்கு மூத்தவர் மைரா. 1596இல் டேவிட் ஃபாப்ரிசியுஸ் என்ற பாதிரியார் அதைக் கண்டார், கொஞ்ச நாளில் அது காணாமல் போனது. சுமார் 11 மாதத்துக்கு ஒரு முறை அது திரும்பி வருகிறது என்பது பிடிபட இன்னும் 40 ஆண்டுக்கு மேல் ஆனது. இன்றைய கணக்கில் 332 நாள், இப்படி ஒரு சுற்றுக்கு ஆகிற நாட்களைத்தான் காலம் என்று சொல்வது. உச்சத்தில் இருக்கும்போது வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும், அடியில் இருக்கும்போது பைனாகுலர் வைத்தாலும் சிரமம்.

இதெல்லாம் வயதான சிவப்புப் பெருவிண்மீன்கள். சூரியன் இருக்கிற இடத்தில் மைராவைக் கொண்டுவந்து வைத்தால் அது பூமியின் பாதையையும் விழுங்கிவிடும். அவ்வளவு பெரிய உடம்பு மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்குகிறது. ஆனால் உண்மையில் நட்சத்திரம் வெளியே விடுகிற மொத்த ஆற்றல் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மாறுவதில்லை. விரியும்போது குளிர்கிறது. குளிர்ந்ததும் வெளிச்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு நகர்ந்துவிடும். போதாக்குறைக்கு அதன் மேல்காற்றில் டைட்டேனியம் ஆக்சைடு மூலக்கூறுகள் உருவாகி மிச்ச வெளிச்சத்தையும் உறிஞ்சும். வெள்ளை பெயிண்டில் போடுகிறார்களே டைட்டேனியம் பொடி, அதன் நெருங்கிய சொந்தக்காரர்தான். அதனால் கண்ணால் பார்க்கும்போது நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மங்கிப்போகிற நட்சத்திரம், அகச்சிவப்பில் பார்த்தால் இரண்டு மூன்று மடங்குதான் மாறியிருக்கும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் திருவாதிரை. அதுவும் மாறுவதுதான், ஆனால் மைரா மாதிரி ஒழுங்காக இல்லை, அரைகுறை ஒழுங்கு. 2020 பிப்ரவரியில் அது வழக்கத்தைவிடப் பாதிக்கும் கீழே மங்கி, வெடிக்கப்போகிறது என்று டிவியில் கிளப்பிவிட்டார்களே, நினைவிருக்கும்.

மேக்னிடியூட் என்று அடிக்கடி சொல்கிறீர்களே?

பிரகாசத்தின் அளவுகோல். எண் கூடினால் மங்கல். 5 மேக்னிடியூட் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. இந்தக் கணக்கை 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன், அவர் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை நம் மதராஸ் வானாய்வகத்தை நடத்தியவர். உச்சத்துக்கும் அடிக்கும் இடையில் 2.5 மேக்னிடியூடுக்கு மேல் மாறினால் மைரா வகை என்று பெயர், அதற்குக் கீழே என்றால் அரைகுறை ஒழுங்குப் பட்டியல். கோடு கிழித்த இடம் மனிதர்கள் கிழித்ததுதான், நட்சத்திரத்துக்கு அது தெரியாது.

நம்ம ஊர்லயே அப்சர்வேட்டரி இருக்கே, அங்க போய்ப் பார்க்கலாமே?

அது சூரியனுக்கான இடம். 1899இல் மதராஸிலிருந்து இங்கே மேலே கொண்டுவந்தார்கள். அங்கேயும் நூறு ஆண்டுக்கு மேலான ஒளிப்படத் தகடுகள் இருக்கின்றன, அவற்றையும் டிஜிட்டலாக மாற்றியிருக்கிறார்கள், ஆனால் எல்லாம் சூரியன் படங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். இரவு வானத் தகடுகளுக்கு நான் கடல் கடந்துதான் போகவேண்டியிருக்கிறது, இணையத்தில் சொல்கிறேன்.

ஆனால் மாறு விண்மீனுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று நினைக்காதீர்கள். மதராஸ் வானாய்வகத்தில் போக்சனிடம் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் மாறுகிறது என்று கண்டுபிடித்தார். சுமார் 278 நாள் காலமுள்ள அசல் மைரா வகை. ஒளிப்படத் தகடு எதுவும் கிடையாது, தொலைநோக்கியில் கண்ணை வைத்து, போன தரம் இருந்ததற்கும் இந்தத் தரம் இருப்பதற்கும் குறிப்பில் ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்தது. 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைச் சாதாரண ஆட்களுக்கு விளக்க ஒரு பண்டிதரோடு பேசுகிற மாதிரி உரையாடலாக ஒரு சிறு புத்தகமும் எழுதினார். ஆக, கேள்வி பதில் எழுதுவது எனக்கு முன்னாலேயே இந்தத் தொழிலில் இருந்த பழக்கம்.

ஆர் ரெட்டிகுலி தெற்கே ரொம்பத் தள்ளி இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பார்த்தால் உச்சிக்கு வரும்போதே 17 டிகிரி உயரம்தான். ஐரோப்பாவிலிருந்து தெரியவே தெரியாது. தெற்கே இருப்பதால் நமக்குக் கிடைத்த சொத்து அது.

நீங்களே தொலைநோக்கி வைத்துப் பார்க்காமல் அடுத்தவர் எடுத்த பழைய படம் எதற்கு?

பார்ப்பதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன், சின்னது. தை மாசியில் மேல்மலைப் பக்கம் போனால் வானம் கொட்டிக் கிடக்கும், பூம்பாறை தாண்டினால் சொல்லவே வேண்டாம். ஆனால் வருஷத்தில் எத்தனை இரவு? தென்மேற்கு போனால் வடகிழக்கு, அது போனால் மூடுபனி. 300 நாள் காலமுள்ள நட்சத்திரத்தில் நான்கு மாதம் மேகத்துக்குப் பறிகொடுத்தால் என்ன மிஞ்சும்?

பழைய தகட்டுக்கு இந்தக் கவலை இல்லை. 1953இல் பாலோமர் மலையில் ஒரு நல்ல இரவில் யாரோ குளிரில் நின்று, சிவப்புத் தகட்டுக்கு முக்கால் மணி நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த படம், இங்கே மழை கொட்டும்போதும் தெளிவாகத்தான் இருக்கும். கரண்ட் இருந்தால் போதும். நெட்டும் வேண்டும். மழையில் இரண்டும் ஒன்றாகப் போவது வேறு கதை.

இரண்டே படத்தை வைத்து மாறுகிறது என்று எப்படிச் சொல்வீர்கள்?

குறிஞ்சியை வைத்துச் சொல்கிறேன். 2006இல் பூத்தது, பிறகு 2018இல் பூத்தது. ஒருத்தர் 2010இல் ஒரு தரமும் 2014இல் ஒரு தரமும் வந்துபோனால், இந்தச் செடி பூக்கவே பூக்காது என்று சத்தியம் செய்வார். 2014லும் 2018லும் வந்தவர் பூக்கிற செடி என்று சொல்லிவிடுவார், ஆனால் எத்தனை வருஷத்துக்கு ஒரு தரம் என்று கேட்டால் முழிப்பார். இரண்டு தகட்டை வைத்துத் தேடுவதும் அதேதான். அதிர்ஷ்டம் இருந்தால் மாறுகிறது என்று தெரியும். காலம் தெரியாது.

அதிர்ஷ்டம் எவ்வளவு என்றும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உச்சத்துக்கும் அடிக்கும் 5 மேக்னிடியூட் வித்தியாசம், ஏற்ற இறக்கம் சீரான அலைபோல என்று வைத்துக்கொண்டால், எந்த இரண்டு நாளில் எடுத்தாலும் இரண்டு படத்துக்கும் 1 மேக்னிடியூடுக்கு மேல் வித்தியாசம் இருக்க ஏறக்குறைய மூன்றில் இரண்டு வாய்ப்பு. அதாவது மூன்று மைராவில் ஒன்று என் கண்ணைத் தப்பிப் போகிறது. மூன்றாவது தகடு கிடைத்தால் நிலைமை நன்றாகவே மாறும், அதனால் ஒரு இடத்துக்கு எத்தனை தகடு கிடைக்கிறதோ அத்தனையும் இறக்கி வைத்துக்கொள்வேன்.

செய்கிற முறை சுலபம். அலாதின் என்று ஒரு இலவச மென்பொருள், பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் ஆட்கள் செய்தது. வானத்தில் ஒரே இடத்தின் இரண்டு படத்தை அதில் ஏற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, அரை வினாடிக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டச் சொல்வேன். அசையாத புள்ளிகளுக்கு நடுவே மாறுகிற புள்ளி மட்டும் துடிக்கும். கண் தானாக அங்கே போகும். முன்பெல்லாம் இதற்கென்றே பெட்டி மாதிரி ஒரு கருவி, பிளிங்க் கம்பாரேட்டர் என்று பெயர். 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைப் பிடித்தது அதை வைத்துத்தான்.

ஒரு தடவைக்கு கால் டிகிரிச் சதுரத்துக்கு மேல் நான் எடுப்பதில்லை. அதற்கு மேல் போனால் கண் சோம்பேறியாகிவிடும், துடிக்கிறதையும் விட்டுவிட்டுப் போகும்.

எந்தப் படத்தோடு எந்தப் படத்தை ஒப்பிடுவது?

இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். சிவப்புத் தகட்டோடு சிவப்புத் தகடு, நீலத்தோடு நீலம். நீலப் படத்தில் இல்லாத நட்சத்திரம் சிவப்புப் படத்தில் பெரிதாக இருப்பது மாற்றமே கிடையாது, நட்சத்திரம் சிவப்பு, அவ்வளவுதான்.

ஆனால் முதல் பாலோமர் சர்வேயில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் சிவப்புத் தகட்டையும் நீலத் தகட்டையும் ஒரே இரவில், அடுத்தடுத்து எடுத்தார்கள். அதனால் மாறிக்கொண்டே இருக்கிற நட்சத்திரத்துக்கும் அந்த ஜோடியில் தெரிகிற நிறம் நம்பக்கூடிய நிறம். இரண்டாவது சர்வேயில் அப்படி இல்லை. சிவப்பு ஒரு வருஷம், நீலம் இன்னொரு வருஷம், அகச்சிவப்பு வேறொரு வருஷம் என்று இருக்கும். நீலம் எடுத்த நாளில் மைரா உச்சத்திலும் சிவப்பு எடுத்த நாளில் அடியிலும் இருந்திருந்தால், கழித்துப் பார்க்கும்போது உலகத்திலேயே இல்லாத ஒரு நீல நட்சத்திரம் கிடைக்கும். ஒவ்வொரு தகட்டின் தேதியையும் நோட்டில் எழுதாமல் நான் நிறத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நிறத்துக்கு இன்னொரு சாட்சி டூமாஸ், 1997 முதல் 2001 வரை நடந்த அகச்சிவப்பு சர்வே. பழைய தகட்டில் துடித்த புள்ளி அதில் பளிச்சென்று, அதுவும் ரொம்பச் சிவப்பாக இருந்தால், அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்காது.

தப்பாகப் பிடித்த கதை உண்டா?

எத்தனை வேண்டும்?

எங்கள் மெஷினில் ஒரு தரம் கண்ணாடியில் ஒயிட்னர் துளி ஒட்டிக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. அன்று எடுத்த நகல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு புள்ளி, ஒருவருடைய சர்வே எண்ணில் 3ஐ 8 மாதிரி ஆக்கிவிட்டது, அவர் திரும்பி வந்து கத்தினார். இப்படி எல்லா நகலிலும் வருகிற புள்ளி மெஷினின் குற்றம். ஒரே நகலில் வருகிற புள்ளி தாளின் குற்றம். இவ்வளவு தெரிந்த நான், ஒரு சிவப்புத் தகட்டில் மட்டும் இருந்த அழகான புள்ளியைப் பார்த்து மைரா என்று முடிவு கட்டி, ஏ4இல் பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டி, டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டேன். நீலத் தகட்டில் இல்லையே என்று தோன்றியது, சிவப்பு நட்சத்திரம் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் ஓரம் கத்தி மாதிரி கூர்மை. பக்கத்தில் இருக்கிற நிஜ நட்சத்திரங்கள் எல்லாம் காற்றின் கலக்கத்தில் ஓரம் கரைந்து, மெத்தென்று இருந்தன. தகட்டின் பூச்சில் விழுந்த தூசு. பிரிண்டைக் கிழித்துப் போட்டேன், டீக்கடைக்காரர் இன்னும் விடவில்லை, உங்க ஸ்டார் எப்படிண்ணே இருக்கு என்பார்.

தூசு தவிர மூன்று பேர் ஏமாற்றுவார்கள். முதலில் குறுங்கோள். அது நகர்கிறது, அதனால் முக்கால் மணி நேரத் தகட்டில் சின்னக் கோடாக விழும். மெதுவாக நகர்கிறதாக இருந்தால் கோடு புள்ளி மாதிரி சுருங்கிவிடும், அப்போது சிக்கல். நம் மாநிலத்திலேயே காவலூரில் கல்கி என்ற திட்டத்தில் ஷ்மிட் தொலைநோக்கித் தகடுகளை வைத்துக் குறுங்கோள் தேடினார்கள். 1988இல் கண்டுபிடித்த ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். அவர்களுக்கு அது மீன், எனக்கு அது வலையில் சிக்குகிற குப்பை, பார்வைதான் வேறு.

அடுத்தது வேகமாக இடம்பெயரும் நட்சத்திரம். நமக்குப் பக்கத்தில் இருக்கிற சில நட்சத்திரங்கள் 40 ஆண்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்துவிடும். பழைய படத்தில் இங்கே ஒன்று மறையும், புதுப் படத்தில் பக்கத்தில் ஒன்று முளைக்கும். ஜோடியாக மறைவதும் முளைப்பதும் கண்டால் அங்கேயே விட்டுவிட வேண்டியது. இதுவும் பெரும்பாலும் சிவப்பாகவே இருந்து தொலைக்கும், ஏனென்றால் குள்ளச் சிவப்பு விண்மீன்கள்தான் பக்கத்தில் அதிகம்.

கடைசியாகத் தகட்டின் பூச்சு. 1950களின் சிவப்புத் தகடும் 1990களின் சிவப்புத் தகடும் ஒரே மாதிரி சிவப்பைப் பார்ப்பதில்லை, வடிகட்டியும் வேறு. அதனால் ரொம்பச் சிவப்பான நட்சத்திரம் மாறாமல் இருந்தாலும் கொஞ்சம் மாறின மாதிரி காட்டும். அரை மேக்னிடியூட் வித்தியாசத்தை நான் சீண்டுவதே இல்லை.

இதையெல்லாம் கம்ப்யூட்டரே செய்யாதா?

செய்கிறது. யூஎஸ்என்ஓ-பி1 என்று 2003இல் வந்த அட்டவணை, 7,435 தகடுகளை அளந்து நூறு கோடிக்கு மேல் பொருள்களைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றுக்கும் பழைய சிவப்பு அளவு ஆர்1, புதிய சிவப்பு அளவு ஆர்2 என்று இருக்கும். இரண்டையும் கழித்து, பெரிய வித்தியாசம் உள்ளதை மட்டும் வடிகட்டினால் தேடல் பட்டியல் தயார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஆனால் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் நம்பினால் கெட்டோம். பால்வீதிப் பக்கம் நட்சத்திரங்கள் சந்தைக் கூட்டம் மாதிரி நெருங்கி இருக்கும், இரண்டு நட்சத்திரத்தை ஒன்றாக அளந்திருக்கும், பெரிய நட்சத்திரத்தின் ஒளிக்கோட்டை நான்கு நட்சத்திரம் என்று எழுதியிருக்கும். அதைவிட முக்கியம், மைரா அடியில் இருக்கும்போது தகட்டில் விழவே விழாமல் போயிருக்கலாம், அப்போது அட்டவணையில் ஆர்2 இடம் காலி. கழிக்க எண்ணே இல்லாததால் வடிகட்டியில் அது மாட்டாது. நாம் தேடுவதிலேயே ரொம்பப் பெரிய மாற்றமுள்ளதுதான் இப்படி நழுவும். காலியான இடங்களைத்தான் நான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

சரி, காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத் தகடு போதாது, வாரத்துக்கு இரண்டு மூன்று அளவாவது இருக்கிற தரவு வேண்டும். இப்போது அதுவும் இலவசம். அசாசின் என்று உலகம் முழுக்க வைத்த சின்னச் சின்ன கேமராக்கள் சுமார் 17 மேக்னிடியூட் வரை தினமும் வானத்தைத் துழாவுகின்றன. இன்னும் மங்கலாகப் போக இசட்டிஎஃப், 2018 முதல். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இசட்டிஎஃப் கேமராவைப் பொருத்தியிருப்பது 1949இல் தகடு எடுத்த அதே பாலோமர் 48 அங்குலத் தொலைநோக்கியில். கண்ணாடித் தகடு இருந்த இடத்தில் இப்போது சிப். ஒரே வீட்டில் தாத்தா எழுதின கணக்கு நோட்டையும் பேரன் எழுதுகிற நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி.

அந்த அளவுகளை வீஸ்டார் என்ற இலவச மென்பொருளில் போட்டால் காலம் சொல்லும். சொன்னதை உடனே நம்பக்கூடாது. ஒவ்வொரு நட்சத்திரமும் வருஷத்தில் சில மாதம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும், அந்த வருடாந்திர ஓட்டையால் பொய்யான காலங்கள் முளைக்கும். நிஜக் காலம் 300 நாள் என்றால், 165 நாள் பக்கத்திலும் 1,680 நாள் பக்கத்திலும் போலிகள் தலைகாட்டும். வரைபடத்தை மூன்று காலத்துக்கும் மடித்து, அதாவது ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்றை அடுக்கி, எது ஒரே கோட்டில் சேர்கிறது என்று பார்க்கவேண்டும்.

365 நாள் காலமுள்ளது அதைவிட மோசம். அதன் உச்சம் எப்போதும் சூரியனுக்குப் பின்னால் இருக்கும்போதே நடந்தால், இரண்டு மூன்று வருஷம் பார்த்தாலும் உச்சமே தெரியாது. இங்கேதான் பழைய தகடு கைகொடுக்கிறது. காலம் 360 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு ஐந்தே கால் நாள் நழுவும். 40 ஆண்டில் 210 நாள். 1952 மார்ச்சில் எடுத்த தகட்டுக்கும் 1992 மார்ச்சில் எடுத்த தகட்டுக்கும் அரைச் சுற்றுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும், அதனால் ஒன்றில் தெரியாத உச்சம் மற்றதில் தெரிய வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும் கண்டுபிடித்தாகிவிட்டதே, இன்னும் எதற்குத் தேடுவது?

நியாயமான கேள்வி, மறுக்க மாட்டேன். ஐரோப்பியர்களின் கையா விண்கலம் 2022இல் வெளியிட்ட தரவில் மட்டும் நெடுங்கால மாறு விண்மீனாக இருக்கலாம் என்று பட்டியலிட்டவை 17 லட்சத்துக்கு மேல். அசாசின் தனியாக ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறது. நான் துடிக்கிற புள்ளி ஒன்றைப் பிடித்தால், பத்தில் ஒன்பது ஏற்கெனவே ஏதோ ஒரு பட்டியலில் இருக்கும். முதலில் கஷ்டமாக இருந்தது, பழகிவிட்டது.

ஆனால் அந்தக் கையா பட்டியல் 34 மாத அளவுகளை வைத்துச் செய்தது. இந்த நட்சத்திரங்களோ பல ஆண்டுகளில் நடத்தை மாறுகிறவை. ஆர் ஹைட்ரே என்று ஒன்று, சித்திரை நட்சத்திரத்துக்குக் கீழ்ப்பக்கம், வைகாசி மாலையில் நம் வானில் நல்ல உயரத்தில் இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அதன் காலம் 500 நாளுக்குப் பக்கத்தில். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 385 நாள் அளவுக்குச் சுருங்கிவிட்டது. உள்ளே ஹீலியம் எரிகிற அடுக்கில் ஏதோ நடந்திருக்கவேண்டும் என்கிறார்கள். இப்படிப்பட்ட மாற்றத்தை மூன்று வருஷத் தரவில் யார் பார்க்கமுடியும்? 1950இல் அந்த இடத்தில் என்ன பிரகாசம் இருந்தது என்று சொல்ல இன்றைக்கு எந்த விண்கலத்தாலும் முடியாது, அந்த வெளிச்சம் போயே போய்விட்டது, தகட்டில் விழுந்தது மட்டும்தான் மிச்சம். ஹார்வர்டில் 1880களிலிருந்து எடுத்த ஐந்து லட்சம் தகடுகளுக்கு மேல் இருக்கின்றன, அவற்றை ஸ்கேன் செய்து அளவெடுத்துத் தாஷ் என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறார்கள். என் புள்ளி அங்கேயும் இருந்தால் அன்று இரவு கடையை லேட்டாகத்தான் மூடுவேன்.

அதனால் இப்போது நான் புதிது பிடிப்பதைவிட, பட்டியலில் காலம் தப்பாகப் போட்டிருப்பதையும் பழைய அளவோடு ஒத்துப்போகாததையும் தேடுவதுதான் அதிகம்.

படிப்பு வேண்டுமா? நான் பத்தாவதுதான்.

வில்லியமினா ஃபிளெமிங் என்ற அம்மா ஹார்வர்ட் வானாய்வக இயக்குநர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். தகடு பார்க்க உட்கார வைத்தார்கள், 300க்கு மேல் மாறு விண்மீன் கண்டுபிடித்தார். மைராக்களின் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு பளிச்சென்று ஒளிரும், அதைத் தகட்டில் பார்த்தே பிடித்துவிடுவார். பொறுமையும் நோட்டு எழுதுகிற பழக்கமும் வேண்டும். ஆங்கிலத்தில் பொத்தான் பெயர் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் நாளே புதிது தேடாதீர்கள். விஎஸ்எக்ஸ் என்று மாறு விண்மீன்களுக்கான உலகப் பதிவேடு இருக்கிறது, 1911இல் தொடங்கிய ஏஏவிஎஸ்ஓ சங்கம் நடத்துவது. அதில் கழுகு மண்டலத்தில் உச்சம் 13 அல்லது 14 இருக்கிற மைரா பத்து எடுத்து, அவற்றின் தகடுகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். அதைவிடப் பிரகாசமானது வேண்டாம், தகட்டில் வெந்து பெரிய உருண்டையாகிவிடும், ஒன்றும் தெரியாது. பத்தும் துடிப்பதைப் பார்த்த பிறகு கண்ணுக்கே தெரியும், நிஜம் எது தூசு எது என்று.

கண்டுபிடித்தால் உங்க பேரை வைப்பாங்களா?

வைக்க மாட்டார்கள். விஎஸ்எக்ஸில் பதிவு செய்யலாம். இடம், வகை, உச்சம், அடி, காலம், ஒளி வரைபடம் எல்லாம் கொடுத்தால், அவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பெயர் இருக்கும். நட்சத்திரத்துக்கு நிரந்தரப் பெயர் மாஸ்கோவில் இருக்கிற பொது அட்டவணைக்காரர்கள் கொடுப்பது, அதுவும் எழுத்தும் எண்ணும்தான். ஒரு மண்டலத்தில் முதலில் ஆர், பிறகு எஸ், டி என்று இசட் வரை, அப்புறம் இரட்டை எழுத்து, 334 தீர்ந்ததும் வி335 என்று எண். ரகுநாதாச்சாரி கண்டுபிடித்ததும் ஆர் ரெட்டிகுலிதான், ஆச்சாரி ரெட்டிகுலி இல்லை.

காசு?

கிடையாது. ஜெராக்ஸ் ஒரு பக்கம் இரண்டு ரூபாய், அதுதான் வருமானம்.

இப்ப திரையில துடிக்குதே, அது என்ன?

நல்ல கண் உங்களுக்கு. முதல் சர்வே சிவப்புத் தகட்டில் தெளிவாக இருக்கிறது, அதே இரவின் நீலத்தில் சுத்தமாக இல்லை. இரண்டாவது சர்வே சிவப்பில் இல்லை, அகச்சிவப்பில் இருக்கிறது. ஓரம் மெத்தென்று இருக்கிறது, பார்த்துவிட்டேன். பக்கத்தில் ஜோடியாக எதுவும் முளைக்கவில்லை. டூமாஸில் சிவப்பு. விஎஸ்எக்ஸில் அந்த இடத்தைத் தட்டியபோதுதான் நெட் போனது, காலையிலிருந்து வரவில்லை. டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள். கொடுங்கள், பட்டா எத்தனை காப்பி?